கரையில் நின்றால் தெரிய வேண்டும்

அத்தியாயம் 5: ஊர்க் கட்டுப்பாடு வகுப்பது

கடலுக்குக் கட்டுப்பாடு எழுத ஊர்க்கூட்டம் போடுவதற்கு முன்னால் ஒரு விடியற்காலையைச் செலவு செய்யுங்கள். நான்கரை மணிக்குக் கரைக்கு வந்து, படகு இறங்கும் இடத்தில் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை வள்ளம் இறங்கியது, எத்தனை ஃபைபர், யார் வலையோடு போனார், யார் தூண்டிலோடு போனார், எந்தப் பக்கம் திரும்பினார். பத்து மணி வரை பொறுத்திருந்தால் திரும்பி வருகிறவர்களையும் ஏலத்தையும் பார்த்துவிடலாம். என்ன மீன், எந்த அளவு, கூடையில் சினை நண்டு இருந்ததா, வலையிலிருந்து கழித்து மணலில் எறிந்தது என்னென்ன.

பிறகு எதிர்ப் பக்கத்தில், கண்ணில் படாதவற்றை எழுதுங்கள். நான்கு பாக ஆழத்துக்குக் கீழே வலை என்ன செய்தது. ராத்திரி யார் கரையை ஒட்டி மடி இழுத்தார். செத்த மீனைக் கடலிலேயே கொட்டிவிட்டு வந்தவர் யார்.

இந்த அத்தியாயம் முழுக்க அந்த முதல் பக்கத்தைப் பற்றியது. ஊர் வைக்கும் விதி முதல் பக்கத்தில் இருப்பதைத் தொட்டால் நிற்கும். இரண்டாம் பக்கத்தில் இருப்பதைத் தொட்டால், எவ்வளவு நல்ல விதியானாலும், அதைக் காக்க ரோந்துப் படகும் டீசலும் ஆள் சம்பளமும் வேண்டும். ஊரிடம் அது கிடையாது. அரசிடமே போதுமான அளவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். ஒரு ஊரில் மூன்று இரவு உட்கார்ந்து பதினொரு விதி எழுதினோம். வலைக்கண் அளவு, மீன் நீளம், கழிவு மீன் சதவீதம் எல்லாம் அதில் இருந்தன. பலகையில் பச்சை பெயின்டில் எழுதி, ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் நட்டோம். வலைக்கண்ணை அளக்க வாங்கிய ஸ்கேலைப் படகு முதலாளியான சம்மாட்டி ஒருவரின் பேரன் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய்விட்டான். இரண்டு வருஷம் கழித்துப் போனபோது ஒரே ஒரு விதி உயிரோடு இருந்தது: ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகக் கூடாது. அது நாங்கள் எழுதியதே இல்லை. கோயில் மணி அடிக்கிற நாளில் படகு இறக்குவதில்லை என்று தாத்தா காலத்திலிருந்து இருந்த வழக்கம். ஏன் நின்றது என்று கேட்டேன். ஒரு கிழவி சிரித்தாள். "ஞாயித்துக்கிழமை படகு இறங்குனா ஊருக்கே தெரியுமே தம்பி!"

நாள் கணக்கு

பாக் நீரிணைக் கரையில் இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் ஒரே ஆழமில்லாக் கடலில் முட்டிமோதி, வலை அறுந்து, கைகலப்பு வரை போன பிறகு, வாரத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. திங்கள், புதன், சனி என்றால் விசைப்படகு நாள் என்பது ராமேசுவரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த ஏற்பாட்டை மீன்வளம் காக்கும் திட்டம் என்று சொன்னால் அது மிகை. மூன்று நாள் இழுவைமடி இழுத்த கடல் மீதி நான்கு நாள் ஓய்வில் தேறிவிடாது. குதிரைத்திறன் கூடிக்கொண்டே போனால் மூன்று நாளிலேயே ஆறு நாள் வேலை நடக்கும். ஆனாலும் இது பல பத்தாண்டுகளாகப் பேசப்பட்டு, மீறப்பட்டு, மறுபடி பேசப்பட்டு உயிரோடு இருக்கிறது. காரணம் எளிது. செவ்வாய்க்கிழமை ஜெட்டியில் விசைப்படகு நிற்கிறதா இல்லையா என்று பார்க்க யாருக்கும் படிப்பு வேண்டாம்.

இதோடு 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன் பிடிக்கக் கூடாது என்றது அது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு இதைவிட வேண்டிய சட்டம் வேறில்லை. ஆனால் இருட்டில், கடலில் போடாத கோட்டை யார் பார்ப்பது? அதே சட்டத்தின் கீழ் வரும் மீன்பிடித் தடைக்காலம் மட்டும் பெரும்பாலும் மதிக்கப்படுகிறது. கிழக்குக் கரையில் 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. எல்லா விசைப்படகும் ஒரே நேரத்தில் கட்டிக் கிடக்கும். ஒன்று கிளம்பினால் துறைமுகமே பார்க்கும்.

பாசிக்காரப் பெண்களின் பன்னிரண்டு நாள்

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களின் கதை இந்த நூலில் பல இடங்களில் வரும். விதி வகுப்பதில் அவர்களைவிடத் தேர்ந்தவர்களை நான் பார்த்ததில்லை.

பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றியுள்ள பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில், மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டைக்கோரையும் எடுத்து வருகிறார்கள். கண்ணில் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணிக்கிழிசல், இடுப்பில் பை. மரிக்கொழுந்து அகார் செய்யப் போகும். கட்டைக்கோரை ஆல்ஜினேட் ஆலைக்குப் போகும். 1986-இல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது அன்றிலிருந்து சட்டத்துக்குப் புறம்பானது. கெடுபிடி முறுக முறுக, படகைப் பிடிப்பது, பாசியைப் பறிப்பது, அபராதம் என்று தொடர்ந்தது. ஒரு பக்கம் வனத்துறை. இன்னொரு பக்கம் பாசியே குறைந்து வருவது பெண்களின் கண்ணுக்கே தெரிந்தது.

அவர்கள் செய்தது மூன்று காரியம். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது: அமாவாசையை ஒட்டி 6, பௌர்ணமியை ஒட்டி 6. விசைப்படகுத் தடைக்காலத்தையொட்டி 45 நாள் முழு ஓய்வு. பாரைச் சுரண்டும் இரும்புக் கருவி கிடையாது, கையால் மட்டும் பறிப்பது, வேரை விட்டுவிடுவது. இந்தப் பெண்களின் தலைவிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு தீவுப் பாதுகாப்புக்கான பரிசைக் கொடுத்தது. பள்ளிக்கூடம் போக வாய்க்காமல் சிறுவயதிலேயே கடலில் இறங்கியவர்.

இந்த மூன்று விதியையும் கொஞ்சம் உரசிப் பாருங்கள். பன்னிரண்டு நாள் எவை என்று சொல்ல காலண்டர் வேண்டாம், வானத்தைப் பார்த்தால் போதும். ஏழாம் பிறையில் ஒரு பெண் ஈரப் பாசியோடு கரையேறினால் பக்கத்து வீட்டுக்காரிக்கு உடனே தெரியும். பாசியை மணலில் பரப்பிக் காயப்போட்டாக வேண்டும், மறைக்க முடியாது. இரும்புக் கருவி வேண்டாம் என்பதும் அப்படித்தான், படகில் ஏறும்போதே கையில் இருப்பது தெரிந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும், பார் எட்டும் ஆழத்துக்கு வரும். மற்ற நாள்களில் இறங்கினாலும் கிடைப்பது குறைவு, பாடு அதிகம். அதாவது விதி கேட்கிற தியாகம், பார்வைக்குத் தெரிவதைவிடச் சிறியது. விதி வகுக்கும்போது இப்படிப்பட்ட இடங்களைத் தேடுங்கள். கடலே பாதிக் கதவைச் சாத்தி வைத்திருக்கும் நாள்களில் மீதிக் கதவை ஊர் சாத்தினால் முணுமுணுப்பு குறையும்.

வருமானம் விழத்தான் செய்கிறது. 45 நாள் ஓய்வு என்பது கடன்காரனுக்குத் தெரியாது. விசைப்படகுத் தொழிலாளிக்குத் தடைக்கால நிவாரணம் உண்டு என்றால், அதே காலத்தில் தானாகவே ஓய்வு எடுக்கும் பெண்ணுக்கு என்ன என்ற கேள்வியை இவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் ஊர் இப்படி ஒரு ஓய்வை முடிவு செய்தால், அந்த நாள்களில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடியுங்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினால் அடுத்த கூட்டம் நடக்காது.

ஒரு பாரை மட்டும் மூடுங்கள்

புதிதாகத் தொடங்கும் ஊருக்கு நான் சொல்லும் முதல் யோசனை மடகாஸ்கரிலிருந்து வருகிறது. தென்மேற்குக் கரையில் அந்தவாதுவாக்கா என்ற ஊர், அங்கே வேசோ மீனவர்கள். நீர் வற்றியதும் பெண்களும் பிள்ளைகளும் பாருக்கு நடந்துபோய், பொந்துகளில் குத்துக்கோல் விட்டுப் பேய்க்கணவாய் பிடிப்பார்கள். ஏற்றுமதி வியாபாரிகள் வந்த பிறகு பிடி கூடியது, கிடைக்கும் கணவாய் சிறுத்துக்கொண்டே போனது. 2004 நவம்பரில், புளூ வென்ச்சர்ஸ் என்ற அமைப்பின் துணையோடு, தங்கள் கடலில் ஒரு மணல்தீவைச் சுற்றிய பாரை மட்டும் ஏழு மாதம் மூடிப் பார்த்தார்கள். முழுக் கடலையும் மூடவில்லை, எல்லா மீனையும் தடுக்கவில்லை.

பேய்க்கணவாயைத் தேர்ந்தெடுத்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் ஆயுளே ஒன்றிரண்டு வருஷம்தான். வளரும் பருவத்தில் ஒரு மாதத்தில் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஓரிடத்துப் பொந்தை விட்டு அதிக தூரம் போகாது. ஆகவே மூடியவர்களுக்கே பலன் கிடைக்கிறது, அதுவும் அந்த வருஷத்துக்குள்ளேயே. ஊர்க்கூட்டத்தில் "உன் பேரனுக்குக் கிடைக்கும்" என்று சொல்வதற்கும் "ஜூன் மாதம் நீயே பார்" என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2004-இலிருந்து 2011 வரை அந்தக் கரையில் நடந்த 36 மூடல்களைப் பின்னாளில் ஆராய்ந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டிலிருந்து ஏழு மாதம். கணவாய் பிடிக்கும் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் ஒரே நேரத்தில் மூடினார்கள். திறந்த முப்பது நாளில் அந்தப் பார்களிலிருந்து கரைக்கு வந்த கணவாய், மூடுவதற்கு முந்தைய முப்பது நாளைப் போல எட்டு மடங்கு. இந்த எண்ணைக் கேட்டு மயங்க வேண்டாம். ஓர் ஆளுக்கு ஒரு நாள் கிடைத்தது 87 சதவீதம்தான் கூடியிருந்தது. மீதி எங்கிருந்து வந்தது? திறந்ததும் ஆட்கள் கூட்டமாக வந்து இறங்கியதிலிருந்து. இதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

பக்கத்து ஊர்கள் பார்த்தன, தாங்களும் மூடின. 2006-இல் 25 ஊர் சேர்ந்து வெலொண்ட்ரியாக்கே என்ற கடல் காப்புப் பரப்பை வகுத்தன. ஊர் விதிகளுக்கு அங்கே 'தினா' என்று பெயர். கூட்டத்தில் வகுத்து நீதிமன்றத்தின் ஒப்புதலையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் அந்தக் கடைசி வசதி இல்லை.

நம் கரையில் எந்த உயிரை வைத்துத் தொடங்குவது என்று ஒவ்வொரு ஊரும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்: வேகமாக வளருமா, இருந்த இடத்தில் இருக்குமா, கரைக்கு வந்தால் எல்லோர் கண்ணிலும் படுமா. பேய்க்கணவாய், மட்டி, சில வகை நண்டு இவை மூன்றுக்கும் ஓரளவு தேறும். சாளையும் கானாங்கெளுத்தியும் தேறாது. நீங்கள் விட்டுவைத்த மீனைப் பக்கத்து மாவட்டம் பிடிக்கும். சிங்கி இறாலும் களவாவும் இருந்த இடத்தில் இருக்கும், ஆனால் வளர வருஷங்கள் ஆகும். அவற்றைக் காக்க வேண்டியதுதான், முதல் வருஷத்துக்கு வேண்டாம். முதல் வருஷத்தில் உங்களுக்கு வேண்டியது நம்பிக்கை.

தராசில் வைக்கும் விதி

கடலில் பார்க்க முடியாததைச் சில சமயம் வியாபாரியின் தராசில் பார்த்துவிடலாம். கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் மட்டி வாரும் குடும்பங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மட்டி முட்டையிடும் காலத்தில், இறங்குவதில்லை. வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இவற்றுக்கு மேல், ஒரு கிலோ மட்டிச் சதையில் 1,400-க்கு மேல் எண்ணிக்கை வந்தால் ஏற்றுமதிக்கு எடுக்கக் கூடாது. சின்ன மட்டி என்றால் எண்ணிக்கை ஏறும், வாங்க ஆளில்லை, வாரியவன் அடுத்த முறை விட்டுவிடுவான். ஆயிரக்கணக்கான ஆட்கள் இறங்கும் காயலைக் காவல் காப்பதைவிடச் சில கொள்முதல் இடங்களைக் கவனிப்பது சுலபம். 2014-இல் அந்த மட்டித் தொழிலுக்கு, வளம் குன்றாமல் பிடிக்கும் தொழில்களுக்குத் தரப்படும் எம்.எஸ்.சி. சான்றிதழ் கிடைத்தது. இந்தியாவில் அதுதான் முதல்.

கதையின் பின்பாதியையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சான்றிதழுக்குப் பிறகும் அஷ்டமுடியில் மட்டி சரிந்தது. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஒரு வகைக் கருஞ்சிப்பி காயலில் புகுந்து அடியெங்கும் அப்பிக்கொண்டது. மாசு வேறு. ஊர் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் வெளியிலிருந்து வரும் அடி வரத்தான் செய்யும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது எந்த ஊர்க் கட்டுப்பாடும் அதைத் தடுத்திருக்க முடியாது. "விதி வைத்தோம், ஒன்றும் நடக்கவில்லை" என்று யாராவது சொல்லும்போது, விதி தோற்றதா கடல் மாறியதா என்று பிரித்துப் பார்க்கத்தான் பின்னால் வரும் நோட்டு.

பாக் நீரிணைக் கரை ஊர்களுக்குத் தராசு விதியில் எடுத்த எடுப்பில் பொருந்துவது நீலக்கால் நண்டு. சினை நண்டின் வயிற்றில் சில லட்சம் முட்டை இருக்கும், பெரிய நண்டில் பத்து லட்சத்தையும் தாண்டும். முட்டைத்திரள் மஞ்சளாக இருந்தால் பொரிக்க நாளாகும், கறுத்துவிட்டால் இன்றோ நாளையோ. வலையிலிருந்து பிய்த்து எடுக்கும்போது சினை நண்டை விட்டுவிடு என்று கடலில் சொல்வது வீண். கரையில் வாங்கும் நண்டுக் கம்பெனிகள் சினை நண்டை எடுக்காது என்று சொல்ல வையுங்கள். ஒரு கம்பெனி மட்டும் சம்மதித்தால் நண்டு அடுத்த கம்பெனிக்குப் போகும். எல்லோரும் ஒரே நாளில் சம்மதிக்க வேண்டும், அதற்குச் சம்மாட்டிகளைவிட அங்கே நண்டு உடைக்கும் பெண்கள் பேசினால் காரியம் நடக்கும். எந்தக் கம்பெனிக்குப் பின்வாசல் இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லையை எழுதுவது

அட்சரேகை, தீர்க்கரேகை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மீன்வளத் துறைக்குக் கொடுக்க உதவும். ஊருக்கு எழுதும்போது கரை அடையாளத்தில் எழுதுங்கள். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் ஒற்றைப் பனை மறைகிற இடம், கலங்கரை விளக்கமும் ஐஸ் கம்பெனித் தண்ணீர்த் தொட்டியும் ஒரே கோட்டில் வருகிற இடம் என்று உங்கள் அப்பாக்கள் பாரைக் கண்டுபிடித்த முறையே இதற்கும் போதும். கடலில் இருப்பவனுக்கும் கரையில் இருப்பவனுக்கும் அந்த அடையாளம் ஒன்றுதான். ஜி.பி.எஸ். பழுதாகிவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது.

பிலிப்பைன்ஸின் அப்போ தீவில் 1982 முதல், சில்லிமான் பல்கலைக்கழகத்தின் ஏஞ்சல் அல்காலா ஊக்குவித்து, மீனவர்கள் காத்து வந்த பார், ஊர்க் கடற்கரைக்கு நேர் எதிரே இருந்தது. பாரின் மொத்தப் பரப்பில் பத்தில் ஒரு பங்கு. காவலுக்கு ஒருவர் மணலில் உட்கார்ந்தால் போதும். இதைவிட வளமான பார் தீவின் வேறு பக்கத்தில் இருந்ததா என்பது முக்கியமில்லை. காக்க முடிந்த சுமாரான பார், காக்க முடியாத நல்ல பாரைவிட மேல்.

எழுத வேண்டிய வாசகம்

விதி ஒரு மூச்சில் படிக்கக்கூடியதாக இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

"கோபுரமும் ஒற்றைப் பனையும் சேரும் கோட்டுக்குக் கிழக்கே, விளக்கமும் தொட்டியும் சேரும் கோட்டுக்கு மேற்கே உள்ள சின்னப்பாரில், தை முதல் தேதியிலிருந்து வைகாசி அமாவாசை வரை யாரும் பேய்க்கணவாய் பிடிக்கக் கூடாது. பிடித்தவர் கணவாயை ஊரில் கொடுத்துவிட்டு, ஏழு நாள் கடலுக்குப் போகாமல் இருக்க வேண்டும். வைகாசி அமாவாசைக்கு மறுநாள் திறக்கப்படும்."

தண்டம் ரூபாயில் இல்லாமல் நாளில் இருப்பதைக் கவனியுங்கள். ரூபாய் என்றால் வசதியுள்ளவர் கட்டிவிட்டுப் பிடிப்பார், இல்லாதவர் கடன் வாங்குவார். ஏழு நாள் படகு கரையில் கிடந்தால் எல்லோருக்கும் ஒன்றுதான், அதுவும் கண்ணுக்குத் தெரிகிற தண்டம். ஊரை விட்டுத் தள்ளி வைப்பது, கடையில் சாமான் கொடுக்காமல் இருப்பது, குழாயில் தண்ணீர் பிடிக்க விடாமல் செய்வது, இவை வேண்டவே வேண்டாம். அது அநியாயம் என்பதோடு, வழக்காகிக் கோர்ட்டுக்குப் போனால் கடல் கட்டுப்பாடும் சேர்ந்து முழுகும்.

ஊர் விதி சட்டத்துக்கு மேல் கூட்டலாம், கீழே குறைக்க முடியாது. கடல் அட்டை, பவளம், கடல் குதிரை எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தில் உள்ளவை. இலங்கையின் வடக்கில் அட்டைப் பண்ணையே நடக்கிறது, இங்கே ஒன்று கையில் இருந்தாலே வழக்கு. இது சரியா தவறா என்று நிறைய வாதம் உண்டு. ஊர்க்கூட்டம் அதைத் தீர்க்கும் இடமில்லை.

யார் உட்கார்ந்து முடிவெடுப்பது? பல ஊர்களில் தலைக்கட்டு என்றால் ஆண், பஞ்சாயத்து என்றால் ஆண்கள். பேய்க்கணவாயும் பாசியும் மட்டியும் எடுப்பது யார், கரையில் வாங்கி விற்பது யார் என்று பார்த்தால் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் இல்லாமல் எழுதிய விதியை அவர்கள் மீறினால் அதை மீறல் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கோயில் மண்டபத்தில் அவர்கள் உட்காரத் தயங்கினால் கூட்டத்தை ஏலக்கூடத்துக்கு மாற்றுங்கள். அங்கே அவர்கள் குரல் ஓங்கி ஒலிக்கும்.

வெளியூர்ப் படகு வந்தால் என்ன செய்வது என்பது கட்டாயம் வரும் கேள்வி. கல்லெறிவது பதில் இல்லை. படகின் பதிவு எண், நேரம், கரை அடையாளம் மூன்றையும் எழுதி அந்த ஊர்த் தலைவருக்கும் மீன்வளத் துறைக்கும் ஒரே நாளில் கொடுங்கள். கொஞ்சம் கண்ணாடியும் பாருங்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருக்கும் மீனவர்கள் நம் இழுவைமடிகளைப் பற்றி வருஷக்கணக்காகச் சொல்வதும் இதே புகார்தான். அடிமடி இழுப்பதை இலங்கை 2017-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் ஊர் எல்லையில் நாம் கேட்கும் மரியாதையை அவர்கள் எல்லையில் கொடுக்காமல் பேச முடியாது.

நோட்டு

நூறு பக்க நோட்டு ஒன்று போதும். வாரம் ஒரு நாள், எப்போதும் அதே கிழமை, எப்போதும் அதே பத்துப் படகு. தேதி, காற்று, போன நேரம், வந்த நேரம், எரித்த டீசல் அல்லது பெட்ரோல் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ, என்ன விலை. காற்றை நீங்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள்: வாடை, கொண்டல், கச்சான், சோழகம்.

மொத்தப் பிடி கூடியதா குறைந்ததா என்று பார்த்தால் ஏமாறுவீர்கள். பத்துப் படகு இருந்த இடத்தில் இருபது வந்தால் மொத்தம் கூடும், கடல் காலியாகிக்கொண்டே இருக்கும். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோ என்று வகுத்துப் பாருங்கள். அந்த எண்தான் பேசும். மடகாஸ்கர்க் கணக்கில் எட்டு மடங்கை விட்டு 87 சதவீதத்தை ஏன் பிடித்துக்கொள்ளச் சொன்னேன் என்பதும் இப்போது விளங்கும்.

எழுதுவது பள்ளிப் பிள்ளைகளாக இருந்தால் ஆர்வம் இருக்கும், பரீட்சைக் காலத்தில் நின்றுவிடும். ஏலம் கூறுபவர் எழுதினால் தொடரும், விலையை மட்டும் கொஞ்சம் மறைப்பார். இருவரையும் சேர்த்து விடுங்கள்.

நோட்டின் கடைசியில் நான்கு பக்கம் ஒதுக்கி, வலையில் ஆவுளியாவோ (கடல்பசு) ஆமையோ சிக்கி, வலையை வெட்டி விட்டவர்களின் கணக்கை எழுதுங்கள். ஆவுளியா மீன் இல்லை, சில நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்து மூச்சு விட்டாக வேண்டும். வலையைக் காப்பாற்ற யோசித்துக்கொண்டு நின்றால் அது செத்துவிடும். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் ஆவுளியாக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அறிவிப்பு வலையை வெட்டாது, படகில் இருப்பவன்தான் வெட்ட வேண்டும். பறிமுதல் செய்த கணவாயை ஏலம் விட்ட பணம் இருந்தால், அதை வெட்டிய வலைக்கு ஈடாகக் கொடுங்கள். துறையிலிருந்து வரும் ஈட்டுத்தொகை வரும்போது வரட்டும்.

திறப்பு நாள்

நான்கு மாதம் காத்த பாரை நான்கு நாளில் துடைத்துவிடலாம். அந்தவாதுவாக்காவில் முதல் திறப்பு அன்று சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிந்தார்கள். காத்தவர்களுக்குக் கிடைத்ததைவிட வந்தவர்கள் அள்ளியது அதிகம் என்ற மனக்குறை எழுந்தது. பக்கத்து ஊர்களும் தங்கள் பார்களை மூடத் தொடங்கியதும், ஒரே நாளில் திறப்பது என்று பேசிக்கொண்டதும் அதன் பிறகுதான். கூட்டம் பிரிந்துவிட்டது.

ஆகவே திறப்புத் தேதியை மூடும் நாளிலேயே அறிவிப்பது நல்லது. ஆனால் பக்கத்து இரண்டு ஊராவது உங்களோடு மூடி, உங்களோடு திறக்கச் சம்மதித்த பிறகு அறிவியுங்கள். சம்மதிக்கவில்லை என்றால் மூடும் பரப்பைச் சின்னதாக்குங்கள்.

திறக்கும் அன்று முதல் இரண்டு வற்றம் நடந்து பிடிப்பவர்களுக்கு, அதாவது பெண்களுக்கும் வயதானவர்களுக்கும். படகு மூன்றாம் நாளிலிருந்து. தராசை மணலில் ஒரே இடத்தில் வையுங்கள், இரண்டு இடம் வேண்டாம். ஒவ்வொரு கூடையும் அங்கே வந்து போகட்டும். அரைக் கிலோவுக்குக் குறைந்த கணவாய் வந்தால் வாங்காதீர்கள், யார் கொண்டுவந்தாலும். ஊர்த் தலைவரின் மருமகள் கொண்டுவருவாள். அதையும் வாங்காதீர்கள்.

மாலையில் நோட்டைக் கூட்டி, ஏலக்கூடச் சுவரில் மூன்றே எண் சாக்பீஸில் எழுதுங்கள்: எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை கிலோ, போன வருஷம் இதே வற்றத்தில் எத்தனை கிலோ. முதல் வருஷம் மூன்றாவது எண் உங்களிடம் இருக்காது. மூடுவதற்கு ஒரு வருஷம் முன்பே நோட்டைத் தொடங்குங்கள்.